பின் ரூம் கட்டில்

யேசு மரி சூசை

கரக்பூர்
9-1-1972

அன்புள்ள தங்கை ஐரீனுக்கு அண்ணன் வால்டர் எழுதிக்கொண்டது.

ஆண்டவர் புண்ணியத்தில் நான், உன் அண்ணி ஃப்ளோரா, லூர்து மூவரும் சுகம். எனக்கு மட்டும் முழங்கால் வலி. குளிர் போனால் அதுவும் போய்விடும். பாகிஸ்தான் சண்டை முடிந்துவிட்டதால் ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தை எல்லாம் கிழித்துப்போட்டோம். கிறிஸ்துமசுக்கு நீ அனுப்பிய கல்கல் பலகாரம் உடையாமல் வந்தது. உன் உடம்பு எப்படி, தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை எப்படி என்று எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற டிசம்பரோடு எனக்கு ரிடையர்மெண்ட். ரயில்வே குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும். வேறெங்கே போவோம், ராயபுரத்துக்கே வந்துவிடுவதாகத் தீர்மானித்துவிட்டோம். அப்பா வாங்கிப்போட்ட மாடி இருக்கும்போது வாடகை வீடு எதற்கு?

ஆனால் அந்த ஹால் ஆகாது. அப்பாவுக்கு விற்ற பார்சிக்காரர் தன் காலத்தில் சரக்கு அடுக்கக் கட்டினாரோ, டான்ஸ் ஆடக் கட்டினாரோ தெரியாது. பிளாட்பாரத்தில் குடும்பம் நடத்த மாட்டேன் என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள். பின் போர்ஷன்காரர்கள் மாடிப்படிக்குப் போக வர நம் ஹால் வழியாகத்தான் நடக்கிறார்கள், அது அவர்கள் பாத்தியதை, தடுக்க முடியாது. ஆகவே ஓரமாக அவர்களுக்கு ஒரு நடை விட்டுவிட்டு, மிச்சத்தைச் சுவர் எழுப்பி இரண்டு பெட்ரூம் ஆக்க வேண்டும். தரைக்குப் புதுச் சிமெண்டு, கதவு ஜன்னலுக்குப் புதுப் பெயிண்ட். பிளான் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். செலவுக்கு மணியார்டர் செய்கிறேன்.

பக்கத்தில் நின்று வேலை வாங்க உன்னை விட்டால் ஆளில்லை. உனக்குப் பழக்கம்தானே. பழைய ஹால் போய், நாமெல்லாம் ஒன்றாக இருக்க ஒரு ஒழுங்கான வீடு.

இப்படிக்கு உன் நன்மையையே வேண்டும் அண்ணன்,
வால்டர்

*

ராயபுரம், மெட்ராஸ்-13
23-1-1972

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் ஐரீனின் வணக்கம். லூர்துவுக்கு அத்தையின் முத்தம், அவன் இப்போது வெட்கப்பட்டாலும் சரி.

இங்கே நான் சுகம். சுகம் என்றால், காய்ச்சல் இல்லை, அவ்வளவுதான். திருவொற்றியூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டேன். கண்டக்டர் கல்மண்டபத்தில் தட்டி எழுப்பி இறக்கிவிடுகிறார். பேக்கிங் செக்ஷனில் என்னைச் சார்ஜ் ஹாண்ட் ஆக்கிய பிறகு கைக்கு வேலை குறைந்தது, வாய்க்குக் கூடியது. முழங்கால் வலிக்கு அண்ணி உப்பு ஒத்தடம் கொடுக்கட்டும்.

உங்கள் கடிதத்தையும் பிளானையும் கோயிலுக்குக் கொண்டுபோய், பூசை தொடங்கும்வரை திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமி மன்னிக்கட்டும். அண்ணா, உங்களுக்கு இதெல்லாம் மறந்திருக்கும், நீங்கள் சின்ன வயசிலேயே ரயில்வேக்குப் போய்விட்டீர்கள். அப்பா இருந்தபோது ஹாலுக்கு நடுவே கட்டின திரைக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் நானும் அம்மாவும். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவள் கட்டிலுக்கு அடியில் என் பாய். அம்மா போன பிறகு அந்தக் கட்டிலில் நான் படுத்துப் பார்த்தேன். விடியற்காலை பின் போர்ஷன்காரர் தண்ணீர்க் குடத்தோடு என் தலைமாட்டைத் தாண்டும்போது 'குட் மார்னிங் சிஸ்டர்' என்கிறார். தூங்குகிறவளுக்கு அவ்வளவு மரியாதை. புடவை மாற்றச் சமையற்கட்டுக்குள் போய் முதுகால் கதவை அழுத்திக்கொள்கிறேன். கட்டில் வேறு கறையான் அரித்து ஒரு காலை இழந்துவிட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு நாற்பத்தாறு வயசாகிறது. தாழ்ப்பாள் போட்ட அறையில் ஒரு நாளும் நான் தூங்கினதில்லை.

முன் ரூம் பெரியது, நீங்களும் அண்ணியும் இருக்கலாம். பின் ரூம் சின்னது, ஆனால் ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்களின் தலை தெரியும். எனக்கு அது போதும்.

நாளைக்கே கொத்தனாரைப் பார்க்கிறேன். தூசியும் சத்தமும் என்ன செய்துவிடப் போகிறது.

உங்கள் அன்புத் தங்கை,
ஐரீன்

*

யேசு மரி சூசை

கரக்பூர்
6-2-1972

அன்புள்ள ஐரீனுக்கு அண்ணன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். உப்பு ஒத்தடம் குணம் தருகிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அந்தக் 'குட் மார்னிங்' விஷயத்தைப் படித்துவிட்டு உன் அண்ணி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குவார்ட்டர்சிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

நல்ல செய்தி ஒன்று. லூர்துவுக்குப் பெண் அமைந்துவிட்டது. பெரம்பூர்ப் பெண், பெயர் தேவப்பிரியம், அப்பாவும் ரயில்வேதான். நான் ரிடையர் ஆன கையோடு வருகிற ஜனவரியில் ராயப்பர் கோயிலிலேயே கலியாணம். லூர்துவுக்குப் பெரம்பூருக்கு மாற்றல் கேட்டிருக்கிறது, கிடைத்துவிடும். எல்லாம் கூடிவருகிறது பார்.

கட்டிலைப் பற்றி எழுதச் சொல்லி உன் அண்ணி பிடுங்குகிறாள். முன் ரூமுக்கு ஒரு டபிள் கட்டில், பின் ரூமுக்கும் அதே அகலத்தில் ஒன்று. தேக்கு வேண்டும், கறையான் ஏறாமல். தச்சன் துறைமுகப் பக்கத்திலேயே கிடைப்பான்.

உன்னைப் பற்றி எங்களுக்குக் கவலையே கிடையாது. 'இவளை எங்கே போட்டாலும் தூங்கிவிடுவாள்' என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாளே. வராந்தாவும் நல்ல காற்றோட்டம்தான்.

உன் அண்ணன்,
வால்டர்

பி.கு. ஐரீன், நான் அண்ணி எழுதறேன். பின் ரூம் சுவருக்கு ரோஸ் கலர் அடிக்கச் சொல்லு, கலியாணப் பெண்ணுக்கு நல்லா இருக்கும். நீ ஒருத்தி இருக்கிறதால்தான் நாங்க நிம்மதியா இருக்கோம். ஃப்ளோரா.

*

ராயபுரம்
20-2-1972

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் வணக்கம். லூர்துவுக்கு என் ஆசீர். தேவப்பிரியம் என்ற பெயர் அழகாக இருக்கிறது.

நான் சுகம். கட்டில் விவரம் படித்தேன்.

சுவர் எழும்பிவிட்டது. சாம்பல் புதனன்று கோயிலில் சாமியார் என் நெற்றியில் சாம்பல் பூச வந்தார். ஏற்கெனவே தலை முழுக்கச் சுண்ணாம்புத் தூசி, எங்கே பூசுவது என்று ஒரு நொடி திகைத்துவிட்டார். சோற்றில் மணல், தலையணையில் மணல். நாள் முழுவதும் கம்பெனியில் நின்றுவிட்டு வந்து கொத்தனாரிடம் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டியிருக்கிறது.

மரவேலைக்குச் சவரிநாதன் என்பவரைப் பிடித்திருக்கிறேன். காசிமேட்டுக்காரர். வாழ்நாளெல்லாம் கப்பலுக்குள் தச்சு வேலை செய்தவர், வீட்டு வேலை இதுதான் முதல் தடவையாம். கீழ் போர்ஷன் அப்பாவு துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர், அவர்தான் கூட்டிவந்தார். கை சுத்தமான வேலை. ஆனால் பழக்கம் விடமாட்டேன் என்கிறது. ரூம் வாசல்களில் அரை முழங்கால் உயரத்துக்குக் குறுக்கே பலகை அடித்துவிட்டார். இது எதற்கு என்றேன்.

"கடத்தண்ணி உள்ள வராதுக்கா."

"மாடியில் எங்கேர்ந்துப்பா கடல் தண்ணி வரும்?"

"வராதுதான். இன்னா பண்றது, வாசல்னா கட்டை வெச்சாத்தான் கை அடங்குது."

நானும் கொத்தனாரும் பின் போர்ஷன் குழந்தைகளும் எட்டிப் பார்க்கப் போய்த் தடுக்கி விழுந்துகொண்டிருக்கிறோம். அண்ணிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ரோஸ் கலர் இங்கே கிடைப்பது அவ்வளவு நன்றாயில்லை.

ஐரீன்

*

யேசு மரி சூசை

கரக்பூர்
12-3-1972

அன்புள்ள ஐரீன், எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபித்துக்கொள்கிறோம்.

வாசல் கட்டையை உடனே எடுக்கச் சொல். என் முழங்காலுக்கு ஆகாது. கப்பல் தச்சனை வீட்டுக்குள் விட்டது உன் தவறு. போகட்டும்.

நானும் ஃப்ளோராவும் உட்கார்ந்து உன்னைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம். நீ தினமும் பஸ்ஸில் அடிபட்டுப் போய்வருவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. திருவொற்றியூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்காகச் சிஸ்டர்மார் ஒரு விடுதி நடத்துகிறார்களாம். உன் கம்பெனிக்கு நடந்துபோகும் தூரம். வேளாவேளைக்குச் சாப்பாடு, பக்கத்திலேயே கோயில். வாரக் கடைசியில் நீ இங்கே, அதாவது நம் வீட்டுக்கு, வந்துபோகலாம். வந்தால் வராந்தா இருக்கவே இருக்கிறது. புது மருமகள் வருகிற வீட்டில் கொஞ்சம் இடைஞ்சல் இருக்கத்தான் செய்யும், நீ புரிந்துகொள்வாய். கட்டாயமில்லை. உன் சௌகரியத்துக்காகத்தான் சொல்கிறேன்.

போய் ஒரு முறை பார்த்துவிட்டு எழுது.

உன் அண்ணன்,
வால்டர்

*

யேசு மரி சூசை

கரக்பூர்
23-4-1972

அன்புள்ள ஐரீன்,

பாஸ்கா பண்டிகைக்குக்கூட உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. இப்படி நீ இருந்ததே கிடையாது. காய்ச்சலா? கம்பெனியில் ஏதாவது தகராறா? என் மார்ச் மாதக் கடிதம் தபாலில் தொலைந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். மணியார்டர் ரசீதில் உன் கையெழுத்து இருக்கிறது, அதனால் உயிரோடு இருக்கிறாய் என்று தெரிகிறது.

நான் எழுதினதில் தப்பாக ஒன்றுமில்லையே. ஃப்ளோராவிடம் மறுபடி கேட்டேன், அவளும் ஒன்றுமில்லை என்கிறாள்.

வேலை எந்த மட்டில் இருக்கிறது? கட்டில் முடிந்ததா? உடனே பதில் எழுது. லூர்து தினமும் தபால்காரரைக் கேட்கிறான்.

வால்டர்

*

ராயபுரம்
21-5-1972

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் வணக்கம். அனைவரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். மாதா வணக்க மாதம், இன்றைக்கு ஜெபமாலை நம் புது நடையில்தான் நடந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் கட்டை தடுக்கி முழங்காலிட்டார்கள்.

பதில் எழுதாததற்குக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. தூசி நெஞ்சில் கட்டி இருமல். அது விட்டபின் கம்பெனியில் ஆள் குறைவு. பேனாவை எடுக்கிற நேரத்தில் கண் மூடிக்கொள்ளும். களைத்துப்போயிருக்கிறேன், அண்ணா. இதைச் சொல்லக்கூடக் களைப்பாயிருக்கிறது.

விடுதியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு நாள் ஷிப்ட் விட்டதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வேலை எல்லாம் முடிந்தது. சவரிநாதன் செய்தால் செய்ததுதான். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கின்றன. ஜன்னலுக்குக் கொக்கி இரண்டு, புயல் வந்தாலும் அடித்துக்கொள்ளாது. அலமாரியில் தட்டுக்குத் தட்டு முன்னால் சின்ன விளிம்பு கட்டியிருக்கிறார், சாமான் உருண்டு விழாமல் இருக்க. வீடு ஆடாது என்று சொல்லிப் பார்த்தேன். 'ஆடாதவரைக்கும் சரிக்கா' என்றார். வாசல் கட்டையை எடுத்தால் நிலை ஆட்டம் கொடுக்குமாம். ஆகவே அது இருக்கிறது.

முன் ரூம் கட்டில் நீங்கள் கேட்ட அகலத்தில் அருமையாக வந்திருக்கிறது. பின் ரூமில் மட்டும் கட்டில் கொஞ்சம் ஒடுக்கமாக அமைந்துவிட்டது. கப்பலில் செய்து பழகிய கை. கப்பல் வழக்கப்படி அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியும் விட்டார்.

சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று.

ஐரீன்

*

யேசு மரி சூசை

கரக்பூர்
30-5-1972

ஐரீனுக்கு,

சுகம் விசாரிப்பெல்லாம் அப்புறம். ஒடுக்கம் என்றால் எவ்வளவு ஒடுக்கம்? நான் எழுதினது டபிள் கட்டில். அதில் என்ன சந்தேகம்? ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெர்த் மாதிரி ஒன்றைச் செய்து வைத்துவிட்டு, 'அமைந்துவிட்டது' என்று எழுதுகிறாய். ஆகாயத்திலிருந்தா அமைந்தது? வேலை நடக்கும்போது நீ எங்கே போனாய்?

புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் அதில் எப்படிப் படுப்பார்கள்? உன் அண்ணி அழுதுவிட்டாள். சம்பந்தி வீட்டார் வந்து பார்த்தால் எங்களுக்கு மரியாதையா?

அந்த ஆளைக் கூப்பிட்டு உடனே கழற்றச் சொல். கழற்றிப் போட்டுவிட்டுச் சரியானதைச் செய்யட்டும்.

வால்டர்

*

ராயபுரம்
18-6-1972

அன்புள்ள அண்ணாவுக்கு ஐரீன் வணக்கம். கோபத்தில் உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வராமல் இருக்க வேண்டும். அண்ணியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் ராயப்பர் திருநாள், தெருவெல்லாம் காகிதக் கொடி கட்டுகிறார்கள்.

சவரிநாதன் விசாகப்பட்டினத்துக்கு ஒரு கப்பல் வேலையாகப் போய்விட்டார், எப்போது வருவார் என்று அவர் வீட்டுக்கே தெரியாது. அதனால் புளியந்தோப்பிலிருந்து வேம்பு என்ற தச்சரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பார்த்தார், பிறகு கீழே அப்பாவு வீட்டுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். போல்ட்டுகள் தரையைத் துளைத்து, நம் தரைக்கும் அவர்கள் கூரைக்கும் பொதுவான தேக்கு உத்தரத்தில் இறங்கியிருக்கின்றன. அந்தப்பக்கம் முனையைச் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கி, வளையமும் போட்டிருக்கிறார் சவரிநாதன்.

"இத்த கயட்ட முடியாதும்மா. அறுக்கணும். அறுத்தா உத்தரம் பேஜாரு. வூடே எறங்கிடும்" என்றார் வேம்பு.

அது மட்டுமில்லை. அந்த வளையத்தில் அப்பாவுவின் மனைவி பிலோமி தன் கைக்குழந்தைக்குத் தூளி கட்டியிருக்கிறாள். வேம்பு வளையத்தைத் தொட்டதும் அப்பாவு எழுந்து வந்துவிட்டார்.

"இன்னாக்கா, தூளிய அவுக்கச் சொல்றியா? எத்தினி வருசம் கழிச்சுப் பொறந்த புள்ள. இப்பத்தான் தூங்கிகினு கீது."

நாங்கள் மூவரும் தூளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு பிலோமி காப்பி கொடுத்தாள், குடித்துவிட்டு வேம்பு போய்விட்டார்.

இப்படியாக அந்தக் கட்டில் அங்கேயே இருக்கிறது. வெறுமனே கிடந்தால் தேக்கு பாழாகும் என்று நான்தான் அதில் படுத்துக்கொள்கிறேன். கீழே தூளியை வேகமாக ஆட்டினால் மேலே எனக்கு லேசாகத் தெரிகிறது. பழகிவிட்டது.

ஐரீன்

*

யேசு மரி சூசை

கரக்பூர்
16-7-1972

அன்புள்ள தங்கை ஐரீனுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

உன் ஜூன் கடிதத்துக்குப் பதிலாக ஒன்று எழுதி, உறையில் போட்டு, அனுப்பாமல் வைத்திருந்தேன். எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறவனிடம் ஒரு கட்டிலைக் கழற்ற முடியாது என்று கதை விடாதே என்றெல்லாம் அதில் இருந்தது. அனுப்பாததே நல்லது.

மாற்றல் விஷயமாக லூர்து பெரம்பூர் வந்திருந்தான். நீயே நேரில் போய்க் கட்டிலைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டுக்கு வந்திருக்கிறான். உனக்குத் தெரியாது. பின் ரூம் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்ததாம். தட்டப் போனவனைக் கீழ் வீட்டுப் பிலோமி பின்னாலேயே ஏறி வந்து தடுத்துவிட்டாளாம். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நடைப் பக்கத்து ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன் டாடி. அத்தை தூங்கிட்டிருந்தாங்க. தலை ஒரு பலகையைத் தொடுது, பாதம் இன்னொரு பலகையைத் தொடுது. ரெண்டு பக்கமும் ஒரு கை இடம்கூட மிச்சம் இல்லை. வேற யார் படுத்தாலும் அந்தக் கட்டில் ஒண்ணு நீளம், இல்ல கட்டை. அத்தைக்குன்னு அளவெடுத்துத் தைச்ச ஜாக்கெட் மாதிரி இருக்கு."

எழுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். 'மனசு வரல டாடி' என்றான். அப்படியே திரும்பிப் போய்ப் பெரம்பூரில் குவார்ட்டர்சுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஃப்ளோரா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் சமையற்கட்டிலிருந்து, 'அந்த வராந்தாவில் கொசு உண்டா?' என்று கேட்டாள். உண்டு என்றேன். இப்போது அவள் ஒரு தலையணைக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒற்றைத் தலையணை.

எனக்கு ஒன்று மட்டும் சொல். சண்டை போட இல்லை, தெரிந்துகொள்ளத்தான். அந்தச் சவரிநாதன் பழக்க தோஷத்தில் செய்ததுதானா?

உன் அண்ணன்,
வால்டர்

*

ராயபுரம்
23-7-1972

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் ஐரீன் வணக்கம். நான் சுகம். நிஜமாகவே கேட்டதால் நிஜமாகவே சொல்கிறேன், போன மாதத்தைவிடச் சுகம். தூங்குகிறேன். லூர்துவுக்கு அத்தையின் முத்தம். அடுத்த முறை எழுப்பச் சொல்லுங்கள், வெறுங்கையோடு போயிருக்கிறான்.

வாசல் கட்டையும் அலமாரி விளிம்பும் அவர் பழக்கம். கட்டில் அப்படி இல்லை.

விடுதியைப் பார்த்தேன் என்று எழுதினேன். என்ன பார்த்தேன் என்று எழுதவில்லை. சிஸ்டர்மார் நல்லவர்கள், டீ கொடுத்தார்கள். பிறகு படுக்கும் இடத்தைக் காட்டினார்கள். அதுவும் ஹால்தான், அண்ணா. நீளமான ஹால், வரிசையாகக் கட்டில், ஓரத்தில் ஒரு நடை. கதவு வாசலில் மட்டும். கடைசிக் கட்டில் காலியாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அன்றைக்குத் தூங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சவரிநாதன் பின் ரூமில் அளவு எடுக்கக் காத்திருந்தார். பிலோமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் பிப்ரவரிக் கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது. அதில் டபிள் கட்டில் என்று எழுதியிருந்தது. எடுத்துக் கொடுத்தால் முடிந்தது.

"கப்பல்ல ஆளப் பாத்துத்தான்க்கா படுக்கை அடிப்போம். இந்த ரூம்ல யாரு படுக்கறது?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். லூர்து என்று சொல்லத்தான் திறந்தேன், சத்தியமாக. வரவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை, நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டுப் புதுச் சிமெண்டுத் தரையில் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டேன்.

சவரிநாதன் மரியாதைக்காரர், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சாக்பீஸைப் பின்னால் நீட்டினார். பிலோமி குழந்தையை என் வயிற்றின் மேல் உட்காரவைத்துவிட்டு அதை வாங்கி, என் தலைக்கு மேலே ஒரு கோடு போட்டாள். காலடிக்குப் போனாள். நான் முழங்காலை மடக்கியே படுத்திருந்தேன் போலிருக்கிறது. அம்மா கட்டிலுக்கு அடியில் படுத்த பழக்கம், கால் வெளியே நீண்டால் நடக்கிறவர்கள் மிதிப்பார்கள்.

"கால நல்லா நீட்டுக்கா" என்றாள் பிலோமி. "யாரும் வரல."

நீட்டினேன். அவள் கோடு போட்டாள்.

மீதியை அவர்கள் செய்தார்கள். தூளிக்கு வளையம் வேண்டும் என்றது அப்பாவு. போல்ட்டைத் தட்டையாக அடிக்கட்டுமா என்று மட்டும் சவரிநாதன் என்னைக் கேட்டார். அடியுங்கள் என்றேன்.

டிசம்பரில் வாருங்கள், அண்ணா. முன் ரூம் உங்களுக்காகப் பூட்டியே கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து பெருக்குகிறேன். அண்ணி தைக்கும் தலையணையை மறக்காமல் கொண்டுவாருங்கள். வாசலில் மட்டும் இரண்டு பேரும் காலைத் தூக்கி வையுங்கள்.

உங்கள் தங்கை,
ஐரீன்